உருளையின் மேல் ஒரு கட்டைவிரல்

மூன்றாவது தடவையாக அந்தத் தூண்டில் ரீல் சிக்கலோடு கடைக்கு வந்தது. சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுப்பதுபோல அதை எடுத்துக் கண்ணாடி மேசையின்மேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டார் அவள் கணவர். மேசைக்கு இந்தப் பக்கம், கடை ஊழியராக அவள். பேருந்து ஓட்டுநரின் சீருடை, கழுத்தில் டிப்போ அடையாள அட்டை, முகத்தில் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பிள்ளையின் களை. இடது கையால்தான் ரீலை வைத்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தது ரீலை.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"என்னங்க நீங்க, மீன் பிடிக்கப் போறீங்களா, ஸ்வெட்டர் பின்னப் போறீங்களா?"

உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த முதலாளி சத்தமாகச் சிரித்தார். கணவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ரீலின் உருளை முழுக்கத் தூண்டில் லைன் பந்துபந்தாகப் புடைத்திருந்தது. வீசும்போது, லைன் நுனியில் இரையாகக் கட்டிய பொய்மீன் காற்றில் போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும். வெளியே போக வழியில்லாத லைன் தன்மேலேயே சுருண்டு கூடு கட்டிவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதம் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் விளக்கை இழுத்து, வளைந்த ஊசியை எடுத்து, ஒவ்வொரு சுருளாக நெகிழ்த்த ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடமாக அவள் பார்க்க மீன் பிடிக்கிற மனிதருக்கு இது ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ரீல் சரியில்லை. முதல் தடவை லைன்மேல் பழியைப் போட்டு லைனை மாற்றினாள். இரண்டாம் தடவை உருளையையே மாற்றினாள். இப்போது ரீலின் மேல் முழுசாகவே சந்தேகம் வந்துவிட்டது. தூண்டில் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கே உரிய புத்தி அது. எது நடந்தாலும் முதலில் சாமானைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கடையில் அவளுக்கு 'கிராம் அக்கா' என்று பெயர். யார் வந்து தூண்டில் கம்பு கேட்டாலும், "எத்தனை கிராம் வீசப் போறீங்க?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கம்பின் அழகு, நிறம், நண்பன் வைத்திருக்கும் கம்பு எந்தக் கம்பெனி, எதையும் அவள் காதில் வாங்கமாட்டாள். கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ஒவ்வொரு கம்பும் எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராம்வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் இரண்டு துண்டோடு வருவார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது. உப்புக் கூடினால், "கிராம் மேடம், இன்னிக்கு எத்தனை கிராம் போட்டீங்க?" என்பார் கணவர்.

அவளுக்குத் தூண்டிலைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கல்யாணமான புதிதில் விடுமுறை நாட்களில் நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவள் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, படிப்பதுபோல் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொய்மீனின் மூக்கிலிருக்கும் அரிசி மணியளவு வளையத்தில் முடி மாதிரி மெல்லிய லைனைக் கோத்து, ஐந்து சுற்று சுற்றி, எச்சிலால் நனைத்து இழுப்பார். முடிச்சு கண்ணுக்கே தெரியாது. இவ்வளவு பெரிய பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கைக்கு இவ்வளவு பொறுமையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆச்சரியத்தில்தான் தனக்கு அவர்மேல் ஆசை வந்தது என்று பின்னால் ஒருநாள் சொன்னபோது, "அப்ப என் மூஞ்சியப் பாத்து வரலியா?" என்று இரண்டு நாள் பொய்க் கோபம் காட்டினார். வீட்டில் ஊசியில் நூல் கோப்பதும் அவர் வேலைதான்.

பத்து கிராம், பதினைந்து கிராம் பொய்மீன்களோடு பென்சில் கனத்தில் ஒரு கம்பை வைத்துக்கொண்டு திருப்தியாக இருந்தவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று பெரியது வேண்டும் என்று தோன்றியது. அட்டையில் ஸ்விம்பெய்ட் என்று போட்டிருக்கும் ராட்சசப் பொய்மீன். ஒரு சாண் நீளம், இருநூறு கிராம், உடம்பு மூன்று கணுவாக மடங்கி, இழுத்தால் நிஜ மீன் மாதிரியே வாலை ஆட்டிக்கொண்டு வரும். நீர்த்தேக்கத்தின் ஆழத்தில் கிடக்கும் கிழட்டுக் கொடுவா மீன்கள் சின்ன இரைக்கு எழுந்து வராது, இதற்குத்தான் வரும். நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் ஜென்மத்துக்கும் பேசலாம்.

"ஆசை பெருசாயிடுச்சு போல," என்று கேலி செய்தாள்.

"வயசாவுதுல்ல. சின்னதெல்லாம் போதும்."

அன்று அவளுக்கு ஒரே உற்சாகம். கடையிலிருந்த கம்புகளையெல்லாம் இறக்கி, அவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசியில் எட்டடிக் கம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நூறிலிருந்து இருநூற்றைம்பது கிராம்வரை தாங்கும். அக்குளில் இடுக்கிக்கொள்ளும் அளவுக்கு நீளமான பிடி. ரீலும் அதற்கேற்றாற்போல் பெரியதாக, மெதுவாகச் சுற்றுவதாகப் பார்த்தாள். வேகமாகச் சுற்றும் ரீலில் பெரிய பொய்மீனை இழுப்பது ஏற்றத்தில் நாலாவது கியரில் போவது மாதிரி என்று அவருடைய பாஷையிலேயே விளக்கினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ பஸ் ஓட்டப் போயிருக்கலாம்," என்றார்.

இப்போது சிக்கல் பாதி அவிழ்ந்திருந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இத வச்சுக்கிட்டு வேற ஒண்ணு குடு. கைப்பிடி வலது பக்கம் இருக்கற ரீல்."

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன சார், இத்தன வருஷமா வலது கையால வீசி இடது கையால சுத்துன ஆளு. இப்ப வலதுல சுத்துனா, வீசறது இடது கையா?"

"சும்மா மாத்திப் பாக்கலாம்னுதான்."

"பொண்டாட்டிய மட்டும் மாத்தாம இருந்தா சரி," என்றார் முதலாளி. அவள் ஊசியை அவரை நோக்கி நீட்டி மிரட்டினாள். கேட்ட ரீலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இடது கையால் வாங்கிக்கொண்டு இரண்டு மணி ட்ரிப்புக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரான பல் டாக்டர் ஒருவர் வந்தார். கையில் உடைந்த கம்பு. நாற்பது கிராம் தாங்கும் கம்பில் நூற்றியெண்பது கிராம் பொய்மீனைக் கட்டி வீசியிருக்கிறார்.

"எத்தனை கிராம்னு நீங்க கேட்டப்போ கொஞ்சம் பொய் சொல்லிட்டேன்," என்று ஒப்புக்கொண்டார்.

"எங்கிட்டப் பொய் சொல்லலாம் டாக்டர். கம்புகிட்ட முடியுமா?"

எட்டடிக் கம்பை எடுத்துக் கொடுத்து, வீசும் விதத்தைக் காட்டினாள். டாக்டர் கம்பை வெடுக்கென்று சொடுக்கினார். "இது பல்லு புடுங்கற வேலை இல்ல. ஊஞ்சல்ல குழந்தைய வச்சுத் தள்ளுற மாதிரி. பின்னாடி கொண்டு போங்க, கனம் கம்புல ஏறட்டும், அப்புறம் மெதுவா அனுப்புங்க. கட்டைவிரல் உருளை மேலயே இருக்கட்டும்."

"ரீல்லயே பிரேக் இருக்கே? அப்புறம் விரல் எதுக்கு?"

"பிரேக் பாதி வேலதான் செய்யும். காத்துல போகப் போகப் பொய்மீனுக்கு வேகம் குறையும். அது உருளைக்குத் தெரியாது, சுத்திக்கிட்டே இருக்கும். விரலுக்குத்தான் தெரியும். தண்ணியத் தொடறதுக்கு ஒரு நொடி முன்னாடி லேசா அழுத்தணும். அவ்வளவுதான். அந்த ஒரு நொடி தவறுனா கூடு கட்டிடும்."

"பழகிட்டா மறந்து போகாதே?"

"மறக்கவே மறக்காது டாக்டர். தூக்கத்துல எழுப்பி வீசச் சொன்னாலும் விரல் தானா அழுத்தும். பத்தொன்பது வருஷம் பழகின கைன்னா..."

அவள் நிறுத்திவிட்டாள். டாக்டர் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். "அப்புறம்?" என்றார். அவள், "பில் போட்டுடலாமா?" என்றாள்.

டாக்டர் போனதும், கணவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ரீலை எடுத்துக்கொண்டு கடையின் பின்புறத்துக்குப் போனாள். வேன்கள் சரக்கு இறக்கும் நீளமான சிமெண்டுத் தரை. ஒரு கம்பில் ரீலை மாட்டி, இருநூறு கிராம் ஈயக் குண்டைக் கட்டி, வீசினாள். குண்டு சுவரோரம் போய் விழுந்தது. உருளை சமத்தாக நின்றது. பத்துத் தடவை வீசினாள். ஒரு சுருள்கூட எழும்பவில்லை. பிறகுதான் பிரேக் திருகைப் பார்த்தாள். அது கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தது. வீச ஆரம்பித்த முதல் வாரத்தில் அவள்தான் அதை எல்லோருக்கும் இறுக்கி வைத்துக் கொடுப்பாள். விரல் பழகப் பழக அவர்களே தளர்த்திக்கொள்வார்கள். இவர் தளர்ந்திருந்ததை இறுக்கிக்கொண்டு, மற்றவர்கள் எல்லோரும் போகும் வழியில் எதிர்த்திசையில் திரும்பி வந்திருக்கிறார்.

ஈயக் குண்டை எடுக்கச் சுவர்வரை நடந்தவளுக்கு, ஒவ்வொரு அடிக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம், "கண்ணு சரியாத் தெரியல, நீயே கோத்துக்கோ," என்று ஊசியையும் நூலையும் திருப்பிக் கொடுத்தது. விடுமுறை நாட்களில் பொத்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டுத் தலைவழியாகப் போடும் பனியன் துணிச் சட்டைகளை வாங்கிக்கொண்டது. அவள் அவற்றை மடித்து அடுக்கியபோது, "இளமை திரும்புதோ?" என்று கேட்டது. சின்னப் பொய்மீன்களின் பெட்டி பரணுக்குப் போனது. பெரிய பொய்மீனுக்கு முடிச்சே போட வேண்டாம். பெருவிரல் கனத்துக் கொக்கி ஒன்றில் மாட்டிவிட்டால் போதும். ஆசையும் இல்லை, வயசும் இல்லை. அவர் விரல்களால் இனி எது முடியுமோ அதைத் தேடிக் கடைக்கு வந்திருக்கிறார். அவள் கிராம் கணக்குப் பார்த்து, ஒளிந்துகொள்ள எட்டடி நீளத்தில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இரண்டு நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது பார்த்தாள். தொலைக்காட்சி பார்க்கும்போது பார்த்தாள். வலது கை எப்போதும் எதன்மேலாவது கிடந்தது, அல்லது எதனடியிலாவது. ஒருமுறை தலையணைக்கடியிலிருந்து அது வெளியே வந்தபோது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. அவர் அதை இடது கையால் மூடினார். வெளியே ஏதோ பேருந்து போகும் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பியவரிடம், "இன்னிக்கு நானும் வர்றேன்," என்றாள். டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உனக்குக் கால் வலிக்கும்."

"உக்காந்துக்கறேன். புத்தகம் எடுத்துக்கிட்டேன்."

நீர்த்தேக்கத்தில் காற்றே இல்லை. தண்ணீர் தேய்த்துக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது. கரையின் கற்பாறைகளுக்கு அப்பால் ஆழம் திடீரென்று கறுத்தது. அவள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கொக்கியை மாட்ட ஆரம்பித்தார். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பொய்மீனை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் மட்டும். மாட்டி முடிக்க அவளுக்கு இரண்டு பக்கம் படிக்கிற நேரம் ஆனது. அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பிறகு இடது கையால் வீசினார். பொய்மீன் கோணலாகப் போய் அருகிலேயே பொத்தென்று விழுந்தது. எழுதத் தெரிந்த மனிதர் கை மாற்றி எழுதும் எழுத்து மாதிரி இருந்தது அந்த வீச்சு. மூன்று தடவை பார்த்தாள். நான்காவது தடவை புத்தகத்தை மூடினாள்.

"அந்தக் கையக் காட்டுங்க."

"எந்தக் கை?"

"என்னங்க."

அவர் திரும்பவில்லை. பொய்மீன் கரைக்கு வந்து, பாறையில் இடித்து நின்றது. சுற்றிய கை பைக்குள் போனது.

"எப்பலருந்து?"

"மழைக்கு முன்னாடி. சும்மா இருந்தாத்தான் ஆடுது. ஓட்டறப்ப ஆடறதில்ல. ஸ்டீயரிங்கப் பிடிச்சா நின்னுடும்," என்றார். பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் மாதிரி அவை வழவழப்பாக வந்தன.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"செவ்வாக்கிழம டிப்போ மெடிக்கல் இருக்கு. கண்ணு பாப்பாங்க, பிரஷர் பாப்பாங்க. கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா தெரியாது. அது முடிஞ்சதும் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன். செவ்வாக்கிழம வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. அத முடிச்சிட்டா ஒரு வருஷம் ஓடிடும்."

அவள் எழுந்து பக்கத்தில் போனாள். பையிலிருந்த கையை மணிக்கட்டோடு பிடித்து வெளியே எடுத்தாள். அவர் விட்டுவிட்டார். அவள் உள்ளங்கைக்குள் அது, வெளியே போக வழி தேடும் சின்ன உயிர் ஒன்றைப்போல் துடித்தது. கோபம்தான் வரும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தாள். வந்தது கோபமில்லை.

"ஆடறது மட்டும்தானா? வேற ஒண்ணும் இல்லியே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள், நம்ப ஆசைப்பட்டிருப்பாள். ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே ஓட்டிய மனிதர் அவர்.

"வியாழக்கிழம. ஸ்கூல் வாசல்ல. வலப்பக்கம் இருக்கற ஹேண்ட்பிரேக்க இழுக்கணும்னு நெனச்சேன். கை போய்ச் சேரல." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் சொல்லிட்டேன், கை கேக்கல. ஒரு நொடி இருக்கும். வண்டி தானா உருண்டுச்சு. அப்புறம் கால் பிரேக்க அழுத்துனேன். கோட்டத் தாண்டி ஒரு அடி. எல்லாம் மஞ்சத் தொப்பி போட்ட பசங்க. ஒருத்தி எனக்குக் கையக் காட்டிட்டுப் போனா. தினமும் காட்டுவா." அதோடு சேர்த்துச் சொன்னார்: "யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அந்த ஒரு நொடி. பல் டாக்டரிடம் விரலை மடக்கிக் காட்டி அவள் விளக்கிய அதே ஒரு நொடி. உருளையில் அது தவறினால் அவிழ்க்க ஊசி இருக்கிறது.

"நாளைக்கு வண்டிய எடுக்காதீங்க," என்றாள்.

"உனக்குச் சொல்றது ஈஸி."

"ஈஸி இல்லங்க."

"எறங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? ஆபீஸ்ல உக்கார வச்சு ஃபைல் குடுப்பாங்க. இல்லன்னா வீட்ல. அப்புறம் உன் கடை வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து வர்றவன் போறவனுக்கு ரீல் சிக்கல் எடுத்துக்கிட்டு இருக்கவா?"

சொல்லி முடித்த பிறகுதான், சிக்கல் எடுக்கவும் விரல் வேண்டுமே என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

"நாளைக்குக் காலைல நாலரைக்கு நீங்க எழுந்தா நானும் எழுந்திருப்பேன்," என்றாள். பில் போடும்போது பேசுகிற மாதிரி பேசினாள். "டிப்போவுக்கு உங்க கூடவே வருவேன். மேனேஜர் ரூமுக்கு நீங்க உள்ள போய்ச் சொன்னா, நான் வெளில நிப்பேன். சொல்லலன்னா நான் உள்ள போய்ச் சொல்லுவேன்."

"எம்மேல கம்ப்ளைண்ட் குடுப்பியா?"

"குடுப்பேன்."

"பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு?"

"அதனாலதான்."

அவர் கையை அவள் பிடியிலிருந்து விலக்கிக்கொண்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பை எடுத்தார். அவள் பக்கம் திரும்பாமல், கால்களை அகட்டி நின்று, இடது கையால் பின்னுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கனம் கம்பில் ஏறும்வரை காத்திருந்தார். பொய்மீன் உயர்ந்து வளைந்து போய், கறுத்த தண்ணீருக்கு நடுவில் விழுந்தது. நல்ல வீச்சு. இன்னொரு நாளாக இருந்தால் அவள் கை தட்டியிருப்பாள்.

வலது கையால் சுற்றினார். மெதுவாக, சீராக. சுற்றுகிறபோது அந்தக் கை உண்மையிலேயே ஆடவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஆழத்திலிருந்து பொய்மீன் மூன்று கணுவும் நெளிய மேலே வந்தது. அதன் பின்னால், ஒரு முழம் தள்ளி, அதைவிடப் பல மடங்கு நீளமாக ஒரு நிழலும் வந்தது.

"வந்திருக்கு," என்றார். குரலே இல்லை, காற்று மட்டும்.

அவள் பாறையோடு பாறையாக நின்றாள். கொடுவாவின் முதுகு பச்சையும் கறுப்புமாக, மரக்கிளை ஒன்று முழுகி மிதப்பதுபோல் தெரிந்தது. அது பாயவில்லை. திரும்பியும் போகவில்லை. பொய்மீன் வருகிற வேகத்திலேயே அதுவும் வந்தது. கரைக்குப் பத்தடி இருக்கும்போது அவர் சுற்றுவதை நிறுத்தினார். பெரிய மீன் பின்தொடர்ந்து வந்தால் இரையை நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு என்ன என்பது மீன் பாடு. அவளே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம்.

பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கம்பை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே மாற்றினார். இடது கையைத் தொங்கவிட்டார்.

சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது. பிடியில் மயிரிழை அளவுதான். ஆனால் அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எட்டடிக் கம்பு அதை ஒவ்வோர் அடியாக வாங்கிப் பெரிதாக்கி நுனிவரை கொண்டுபோனது. நுனி துடித்தது. அதிலிருந்து இறங்கிய லைன் தண்ணீரைத் தொடும் இடத்திலிருந்து சின்னச் சின்ன வட்டங்கள் கிளம்பி, காற்றில்லாத அந்தப் பரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக அகன்று, அவர்கள் நின்ற பாறைவரை வந்தன. அடியில், நின்ற இடத்திலேயே, பொய்மீனின் வால் அதே தாளத்தில் உயிருள்ளதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. நிழல் இன்னும் கொஞ்சம் அருகில் வந்தது.